சலுகையா, திறமையா?

பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த ஒரு மென்பொருள் கம்பெனியில் செண்பகவல்லி வேலை பார்த்துவந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கம்பெனி நடத்திய தனித் தேர்வில் சேர்ந்தவள். சக்கர நாற்காலியில்தான் வருவாள்.

ஆட்குறைப்பு என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வந்தால் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். ஏனென்று கேட்க யாருக்கும் தைரியம் வராது.

ஒரு நாள் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். புது இயக்குநர் சந்திரமோகன் நின்றிருந்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் முதலாளி வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலுகையில வந்தவங்க இன்னைக்கே கிளம்பணும். திறமையில வந்தவங்க இருக்கலாம்" என்ற சந்திரமோகன், செண்பகவல்லி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா, நீ எதுல வந்தே?"

சலுகை என்றால் வேலை போகும். திறமை என்றால் பொய் சொல்கிறாள் என்பார். சக்கர நாற்காலியைச் சற்று முன்னால் உருட்டினாள்.

"எனக்கே குழப்பமா இருக்கு சார். பரீட்சை எழுதினேன். மூணு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டாங்க. உங்களுக்கு என்ன பரீட்சை வச்சாங்க, யார் கேள்வி கேட்டாங்கன்னு சொன்னீங்கன்னா, அதோட ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிடறேன்."

சந்திரமோகன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

திரையில் முதலாளி பதறிப்போனார். "மாப்பிள்ளை, அந்தக் கேள்வியை விடுங்க! யாரையும் கேட்க வேண்டாம்!"

ஒலிபெருக்கியில் அந்த 'மாப்பிள்ளை' அறை முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பயந்துகிடந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

செண்பகவல்லியின் வேலை நிலைத்தது.