‘இ’ என்ற விசாரணை அதிகாரி

செண்பகவல்லிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சக் கோபமில்லை. மதுரையிலிருந்து பாளையங்கோட்டை வரை மூன்று மணி நேரமும் மடியிலிருந்த ஃபைலை முறைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டு அம்மா பாசமாக நீட்டிய கொய்யாப்பழத்தைக்கூட வாங்கவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? இருபத்தேழு வருஷம் சட்டக் கல்லூரியில் அரசியல் சாசனம் சொல்லிக்கொடுத்தவள். அவளிடம் படித்த நாலு பேர் இன்றைக்கு நீதிபதிகள். ஒருத்தரைத் தண்டிப்பதற்கு முன்னால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற அந்த ஒரு விஷயத்தை வைத்தே முந்நூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவள். அவளைத்தான், வினாத்தாள் வெளியே போன விவகாரத்தில் சம்பந்தமுண்டு என்று சொல்லி, துறைத் தலைவர் நாற்காலியிலிருந்து ஒரே ஒரு கடிதாசில் இறக்கிவிட்டார்கள்.

நோட்டீஸ் கிடையாது. விசாரணை கிடையாது. ‘என்னம்மா நடந்தது?’ என்று ஒரு வார்த்தை கிடையாது. கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பாள், அந்த வருஷம் அந்த வினாத்தாளை அவள் தயாரிக்கவே இல்லை என்று. கேட்கத்தான் ஒருத்தருக்கும் வாயில்லை. இப்போது அவள் நடந்து போனால் மாணவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு பெரிய அக்கிரமம், பாருங்கள்!

தங்கையா சார் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அரசியல் சாசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வயது எழுபத்தொன்பது. காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை.

“வாம்மா. உக்காரு. உரிக்கிறியா?”

“உரிக்கிற நிலைமையிலயா சார் வந்திருக்கேன்?”

ஃபைலை அவர் முன்னால் வைத்தாள். உயர் நீதிமன்றத்துக்கு அவளே எழுதிய மனு. முப்பத்திரண்டு பக்கம்.

“படிச்சுப் பாருங்க. நாளைக்குத் தாக்கல் பண்றேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். நிதானமாக, முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்தார். அவளால் சும்மா உட்கார முடியவில்லை.

“சட்டம் தெரியாதவன் செஞ்சா தெரியாமச் செஞ்சுட்டான்னு விடலாம் சார். இவங்க சட்டக் கல்லூரி நடத்துறவங்க. வகுப்புல ஒண்ணு சொல்லிக்கொடுத்துட்டு, கையெழுத்துப் போடும்போது வேற ஒண்ணு செய்யறாங்க. இப்படிப்பட்டவங்களை என்னதான் சார் பண்றது?”

“மனு நல்லா இருக்கு. ஜெயிச்சிருவ” என்றார் அவர். “நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுக் குடு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தனை கோபத்திலும். தங்கையா சாரின் ‘கணக்கு’ என்றால் அந்தக் காலத்தில் வகுப்பே நடுங்கும். ஒரு வழக்கைச் சொல்லித் தீர்ப்பு எழுதச் சொல்லுவார். ஆனால் ஒருத்தர் பெயரும் இருக்காது. அ, ஆ, இ என்று எழுத்துகள்தான். ‘பேரைச் சொன்னா ஊரைக் கேப்பீங்க, ஊரைச் சொன்னா சாதியைக் கேப்பீங்க, எழுத்தே போதும்’ என்பார். செண்பகவல்லியும் இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் வினாத்தாள் தயாரிக்கிறாள்.

“ஐம்பத்துநாலு வயசுல எனக்குப் பரீட்சையா சார்?”

“போடும்மா. எனக்கு வேண்டியவங்க ஒருத்தருக்காகக் கேக்கறேன்.”

வெள்ளைத்தாளும் சிவப்புப் பேனாவும் கொடுத்தார். மொச்சையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

“‘அ’ன்னு ஒருத்தன். ஒரு அரசு நிறுவனத்துல கடைநிலை ஊழியன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு கரும்புள்ளி கிடையாது. ஒரு நாள் அவன் பொறுப்புல இருந்த மூணு பொருளைக் காணோம். நிறுவனத் தலைவர் ‘ஆ’, விசாரிக்கச் சொல்லி ‘இ’ன்னு ஒரு அதிகாரியைப் போடறார். ‘இ’ சட்டம் படிச்ச ஆள். ‘அ’வைக் கூப்பிடவே இல்ல. ‘திருட்டு நிரூபணமாகிறது’ன்னு அரைப் பக்கம் அறிக்கை குடுத்தாச்சு. ‘அ’ வேலை போச்சு.”

“கூப்பிடவே இல்லையா?”

“இல்ல.”

“ஒரு கேள்வி? ஒரு மெமோ?”

“ஒண்ணும் இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பான். அந்த மூணும் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. ‘ஆ’ வாய்மொழியா உத்தரவு போட்டு, இவனே கொண்டுபோய்க் குடுத்தது. உத்தரவு போட்டதை அவரும் மறந்துட்டார். வாங்கி வச்ச கடைக்காரனும் படுத்த படுக்கையாகி, கடையப் பூட்டிட்டாங்க. இவன் சொன்னதைக் கேக்க ஆளில்ல.”

“அடப்பாவிகளா!” என்றாள் செண்பகவல்லி. சொந்தக் கவலை அவளுக்கு மறந்தே போனது. “முதல் வருஷப் பையனுக்குத் தெரியும் சார் இது. அந்த ‘இ’க்கு யார் டிகிரி குடுத்தா?”

“எழுதும்மா.”

எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். சாசனத்தின் பதினாலாவது பிரிவு, முந்நூற்றுப் பதினோராவது பிரிவு, எல்லாம் வரிசையாக வந்தன. ‘அ’வைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன வருஷங்களை சர்வீஸில் சேர்க்க வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. ‘இ’யை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் தனியாக ஒரு பத்தி எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள். ‘ஒரு மனிதரின் வாழ்க்கையை அரைப் பக்கத்தில் முடித்த இந்த அதிகாரி, இனி எந்த விசாரணைக்கும் நியமிக்கத் தகுதியற்றவர். இவர் ‘அ’வை நேரில் சந்தித்துப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.’

எழுதி முடித்த கையோடு, பழக்கத்தில், கீழே கையெழுத்தும் போட்டாள்.

“இந்தாங்க சார். தயவு தாட்சண்யம் பார்க்கல.”

அவர் வாங்கிப் படித்தார். தலையாட்டினார்.

“தண்டனை கொஞ்சம் அதிகமோ?”

“குறைச்சல் சார்! அவனுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். திருடன் பிள்ளைன்னு தெருவுல கூப்பிட்டிருப்பாங்க. அதுக்கெல்லாம் இந்த ‘இ’ என்ன பதில் சொல்லும்?”

தங்கையா சார் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தார். உள்ளேயிருந்து மூன்று தடிப் புத்தகங்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். பழைய தீர்ப்புத் தொகுதிகள். புதுசாகக் காலிகோ துணி அட்டை ஒட்டி, முதுகில் தங்க எழுத்து அடித்திருந்தது.

“அந்தப் பைண்டிங் கடைக்காரர் போன மாசம் செத்துட்டார். அவர் மகன் பூட்டிக் கெடந்த கடையத் தொறந்து பரணை ஒதுக்கும்போது இது கெடைச்சுது. ‘அ’கிட்ட கொண்டுவந்து குடுத்திருக்கான். ‘அ’ நேரா எங்கிட்ட வந்தான். ‘கல்லூரிக்குச் சொந்தமான பொருள் சார், ஒப்படைக்கணும். நான் போனா கேட்ல விடமாட்டாங்க’ன்னான்.”

கல்லூரி என்றதும் அவள் அட்டையைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை. அவள் தினமும் பார்க்கிற முத்திரை. அவள் கல்லூரி நூலக முத்திரை.

“மாசானமுத்து...” என்றாள். நூலகத்தில் ஏணி போட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர். அவளுடைய முந்நூறு பக்கத்துக்கும் ஏணியில் ஏறி இறங்கியவர் அவர்தான்.

தங்கையா சார் பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார். அரைப் பக்க அறிக்கை. அதைக் கொண்டுவந்து, அவள் இப்போது எழுதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டிலும் ஒரே கையெழுத்து. ‘வல்லி’யில் வருகிற ‘லி’யை நீளமாக இழுத்துவிடுகிற அதே கையெழுத்து.

தேதியைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின தேதி. அன்று சாயங்காலம் அவள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. மறுநாள் கருத்தரங்கில் அவள்தான் முக்கியப் பேச்சாளர். பிரின்சிபால் போர்ட்டிகோவில் வழிமறித்து, டைப் அடித்த தாளைக் கார் பானெட் மேல் வைத்து, ‘வெறும் சம்பிரதாயம்தான் மேடம்’ என்றார். நின்றபடியே போட்டாள். கருத்தரங்கில் அவள் பேசியது தண்டிக்கப்படுகிறவரின் தரப்பைக் கேட்பதைப் பற்றி. எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டாமல் என்ன? நன்றாகத்தான் பேசியிருந்தாள். போட்ட கையெழுத்து ரயில் மதுரையைத் தாண்டும் வரைகூட நினைவில் நிற்கவில்லை, அங்கேயே மறந்துபோனது.

“இப்ப எங்க இருக்கார் சார்?”

“இங்கதான், ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன். ஒரே மக. ரெண்டு இடம் வந்து, கல்லூரியில விசாரிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

“எங்கிட்ட அவர் வரவே இல்லையே சார்?”

“வந்தான். மூணு தடவை. மேடம் மீட்டிங்ல இருக்காங்க, மேடம் டெல்லி போயிருக்காங்கன்னு பியூன் சொல்லி அனுப்பிட்டான்.”

சிவப்பு மையில் இழுத்த இரண்டு கோடுகள் இன்னும் காயவில்லை. அவள் அந்தத் தாளை எடுக்கப் போனாள். தங்கையா சார் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சார், அன்னைக்கு பிரின்சிபால்தான்... ரயிலுக்கு வேற நேரமாச்சு... நான்...”

முப்பத்திரண்டு பக்கம் மளமளவென்று எழுதியவளுக்கு இரண்டு வரி தள்ளாடியது.

தங்கையா சார் மொச்சைத் தட்டை ஓரமாக நகர்த்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

“சொல்லும்மா. நிதானமாச் சொல்லு. உன் தரப்பைக் கேக்காம நான் ஒரு முடிவும் பண்ணமாட்டேன்.”