இருபது பொன் வண்டிக்கு முப்பத்தொரு பொன்

மாதளம்பட்டினத்தை உத்தமசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, யார் எந்த ஓலையை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை போட்டுவிடுவார்.

அவருடைய அவையில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். தனக்கு என்ன பதவி என்று அவருக்கே தெரியாது. சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எதற்கு என்று அவரும் வாயைக் கொடுத்துக் கேட்கவில்லை.

ஒருநாள் எண்ணெய் விற்கும் செங்கம்மாள் அழுதுகொண்டே அவைக்கு வந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பு ராஜாவின் ஊர்வலம் மழையில் மாட்டித் தீவட்டிகள் அணையப் பார்த்தபோது, குடத்தில் இருந்த எண்ணெய் முழுவதையும் கொடுத்து உதவியவள் அவள்தான். மனம் குளிர்ந்த ராஜா, தான் ஏறிவந்த பழைய வில்வண்டியை அந்த இடத்திலேயே அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

"கொடுத்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கோங்க மகாராஜா," என்றாள் செங்கம்மாள். "இருபது பொன்னுகூடத் தேறாத வண்டி. அதை என் பேருக்கு மாத்த முப்பத்தொரு பொன்னு கேக்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா என் செக்கைப் பிடுங்கிக்குவாங்களாம். செக்கு போயிட்டா எம் பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்?"

ராஜா திடுக்கிட்டு வாகன அதிகாரி திரிலோகநாதரைப் பார்த்தார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதிவுக்கு நாலு பொன், பெயர் மாற்ற நாலு, சக்கரத்தில் எண் பொறிக்க ரெண்டு. அரண்மனை வண்டி ஊர் வண்டி ஆவதால் தடையில்லாச் சான்று மூணு. ஆறு மாதம் தாமதித்ததற்கு அபராதம் ஆறு. சாலை வரி பன்னிரண்டு."

"சாலை வரியா? வண்டி வாங்கியபோதே ஆயுசுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேனே!"

"அது தங்கள் ஆயுசுக்கு, மகாராஜா. இது அவள் ஆயுசுக்கு."

"இதற்கெல்லாம் எவன் முத்திரை போட்டான்?"

"தாங்கள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ராஜா அல்லவா? "போட்ட முத்திரை போட்டதுதான். சட்டம் எல்லாருக்கும் ஒன்று. எனக்கும் அதே சட்டம்தான்," என்றார். பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "ஓய், சட்டத்தில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது. வண்டி அவளிடமே இருக்க வேண்டும். அவள் கையிலிருந்து ஒரு காசு போகக்கூடாது. வழி சொல்லும். இல்லையென்றால் உமக்கு என்ன பதவி என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கும்."

ஏகாம்பரத்துக்குப் பதினொரு வருடச் சம்பளம் கண்முன்னே வந்து போனது. செங்கம்மாளோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அதிகாரி ஐயா, செக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் முறைப்படி தண்டோரா போட வேண்டாமா?" என்று கேட்டார்.

"போடாமலா? வெள்ளிக்கிழமை சந்தையில் போடுவோம். அதற்கு மூன்றாம் நாள் முத்திரை வைப்போம்."

"யார் பேரைச் சொல்லி?"

"பதிவேட்டில் அந்த வண்டியின் எண்ணுக்கு நேரே எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயரை. தண்டோராக்காரன் பார்த்து அப்படியே வாசிப்பான். ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் அவன் வேலை போய்விடும்."

"ரொம்பச் சரி. அப்படியே நடக்கட்டும்," என்றார் ஏகாம்பரம்.

திரிலோகநாதருக்கு ஒரே பெருமை. அவர் இருபது வருடமாக வண்டிகளை எண்ணால்தான் அறிவார். பதிவேட்டைப் புரட்டிப் பெயரைப் பார்க்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜா உப்பரிகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏகாம்பரம் சுண்ணாம்பு தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே சந்தையில் தண்டோரா முழங்கியது.

"சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பதினேழாம் எண் வில்வண்டிக்குச் சொந்தக்காரர், மேலவீதியில் குடியிருக்கும் உத்தமசேனன், முப்பத்தொரு பொன் பாக்கி வைத்திருக்கிறார். மூன்று நாளைக்குள் கட்டாவிட்டால் அவர் வீடு பூட்டி முத்திரை வைக்கப்படும்! டும் டும் டும்!"

ராஜாவுக்குப் புரையேறியது. சந்தையில் எல்லாரும் உப்பரிகையை அண்ணாந்து பார்த்தார்கள். ஓடிவந்த திரிலோகநாதர் படியிலேயே விழுந்தார். பிறகு ராஜாவின் காலடிக்குத் தவழ்ந்துவந்து நெற்றியைத் தரையில் வைத்தார்.

"என்ன ஓய் இது?" என்றார் ராஜா.

"சட்டம், மகாராஜா," என்றார் ஏகாம்பரம். "தாங்கள் வண்டியைக் கொடுத்தீர்கள். பெயரை மாற்றிக் கொடுக்கவில்லை. பெயர் மாறும்வரை வண்டி தங்களுடையது, பாக்கியும் தங்களுடையது. செங்கம்மாள் ஆறு மாதமாகத் தங்கள் வண்டியில் எண்ணெய் ஏற்றியிருக்கிறாள், அவ்வளவுதான்."

"இதை அவையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் தாங்கள் சிரித்துவிட்டு இன்னோர் ஓலைக்கு முத்திரை போட்டிருப்பீர்கள்."

ராஜா பொக்கிஷப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தன் கையாலேயே பணத்தை எண்ணினார். சாலை வரிப் பன்னிரண்டு பொன்னை எண்ணும்போது கை தயங்கி நின்றது.

"இவ்வளவா?" என்றார் மெல்ல.

"இவ்வளவுதான், மகாராஜா," என்றார் திரிலோகநாதர், நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல்.

ராஜா முழுவதையும் கட்டினார். வண்டி செங்கம்மாள் பெயருக்கு மாறியது. ஒரு வண்டிக்கு இரண்டு முறை சாலை வரி வாங்கும் ஓலையைத் தேடி எடுத்து, முதல்முறையாகப் படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

"பிழைத்தீர் ஏகாம்பரம்! உமக்குப் பரிசாகப் புத்தம்புது வில்வண்டி ஒன்று தருகிறேன்!"

ஏகாம்பரம் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

"நான் செய்தது தப்பென்றால் பத்துக் கசையடி கொடுத்துவிடுங்கள், மகாராஜா. அதற்குப் பெயர் மாற்றக் கட்டணம் கிடையாது."