ஓட முடியாதவர்கள் செய்த கலகம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மங்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பார். மதியச் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டால் அதே ஆளை நாடு கடத்துவார். அப்பேர்ப்பட்டவரிடமும் நல்ல பெயர் வாங்கி வைத்திருந்தார், நகரக் காவலுக்குத் தலைவரான கொத்தவால் கரிவரதர். மீசை ஒரு முழம், வயிறு அளவுக்கு அடங்காது. குதிரையை விட்டு இறங்கினால் மரியாதை போய்விடும் என்று நம்புகிற மனிதர். மந்திரி திருமேனியைக் கண்டால் மட்டும் அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சந்தைப்பேட்டையில் பெரிய கலகம். இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது. அந்தச் சந்தடியில் ஜவுளித் தெருவையே வழித்துக்கொண்டு போய்விட்டார்கள் கொள்ளைக்காரர்கள். பொழுது சாய்வதற்குள் கரிவரதர் ஒரு கும்பலைக் கட்டி இழுத்துவந்து, "அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள், மகாராஜா!" என்றார். ராஜா பூரித்துப்போனார். "வெள்ளிக்கிழமை எல்லோரையும் கழுவேற்று!"

மந்திரி சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மகாராஜா, உள்ளே ஒருவர் யானைக்கால்காரர். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. பணியாரக்கார அம்மாளுக்கு எழுந்து நிற்கவே இரண்டு ஆள் வேண்டும். நல்லமுத்து என்பவர் ஊன்றுகோல் இல்லாமல் ஓர் அடி வைக்கமாட்டார். ஓடக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. தப்பியவன் கொள்ளைக்காரன், தப்ப முடியாதவன் குற்றவாளியா? கொத்தவாலின் காவலை வெளியாள் ஒருவர் சோதித்துப் பார்க்கட்டும்."

"போன வருஷமே சோதனை நடந்ததே!" என்று சீறினார் கரிவரதர். "என் மைத்துனர்தான் சோதித்தார். ஒரு குறையும் இல்லை என்றார். காவல் வேலையைப் பற்றிக் காவல்காரனுக்குத்தான் தெரியும், மகாராஜா."

"அதுவும் நியாயம்தான்" என்றார் மந்திரி. "அப்படியானால் நீங்களே சோதியுங்கள். நாளைச் சந்தையில் சின்ன ரகளை ஒன்றுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். தலைப்பாகையும் குதிரையும் இல்லாமல் கூட்டத்தோடு நின்று பாருங்கள். உங்கள் ஆட்களிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது."

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. தலையாட்டிவிட்டார்.

கரிவரதருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மந்திரி தானாகவே வந்து வலையில் விழுகிறான் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சேவகர்களை மேய்க்கும் ஜமேதாரைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சோதனை. சந்தையில் என்ன நடந்தாலும் கை நிறைய ஆள் பிடி. பொழுதுக்குள் ஒத்துக்கொள்ள வை." சோதிக்கப்போவது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தன் முகம் தெரியாத சேவகன் ஊரில் இருப்பானா என்ற மிதப்பு.

மறுநாள் மந்திரி ஏவிய பயில்வான்கள் இருவர் பூசணி வண்டியைக் கவிழ்த்துவிட்டுக் கட்டிப் புரண்டார்கள். சந்தை கலைந்தது. நிஜத் திருடர்களுக்குச் சொல்லவா வேண்டும்! மூட்டையும் முடிச்சுமாகச் சேவகர்களின் மூக்குக்கு எதிரிலேயே பறந்தார்கள். கரிவரதரும் ஒதுங்கத்தான் பார்த்தார். பத்து வருஷமாகக் குதிரை மேலேயே இருந்த கால், சொன்ன பேச்சைக் கேட்குமா? பூசணி தடுக்கிக் குப்புற விழுந்தார்.

"புடிடா அந்தத் தொந்தியை!"

"டேய், நான் கொத்தவாலடா!"

"ஆமாமா, நான்தான் மகாராஜா. நடடா!"

சேவகர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அவர்கள் அறிந்ததெல்லாம் ஒரு குதிரையையும் அதன் மேல் ஒரு தலைப்பாகையையும்தான். ஜமேதாரோ காவல் சாவடி அறையில் மிளகாய்ப் புகை மூட்டுவதில் மும்முரமாக இருந்தார். அதுவும் கரிவரதர் சொல்லிக்கொடுத்த வித்தைதான். கரிவரதரின் முகத்தில் துணியைக் கட்டி அந்த அறைக்குள் தள்ளினார்கள்.

"ஒத்துக்கிறியா, இல்லியா?"

"மாட்டேன்" என்றார், புகையில் அடையாளம் தெரியாமல் கம்மிப்போன குரலில். இன்னொரு பிடி மிளகாய் விழுந்தது.

"ஒத்துக்கிறேன்! ஒத்துக்கிறேன்!"

"முந்தி நடந்த கலகம்?"

"அதுவும் நான்தானப்பா! கதவைத் திற!"

ஜமேதார் மார்பை நிமிர்த்திக்கொண்டு சபைக்குள் நுழைந்தார். "மகாராஜா, கலகக்காரங்க தலைவனே சிக்கிட்டான்! ரெண்டு கலகத்தையும் ஒத்துக்கிட்டான்!" முகத்துணியை விலக்கினார்கள். கண் வீங்கி, மீசை தொங்கி, கரிவரதர் நின்றார். ஜமேதார் அவசரமாக அந்தத் துணியை மறுபடி மூடப் பார்த்தார். ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

மந்திரி சிரிக்கவில்லை. "கொத்தவாலே, நீர் ஒத்துக்கொண்டது நிஜமா, பொய்யா? நிஜமென்றால் வெள்ளிக்கிழமை உமக்கும் ஒரு கழு தயார்."

"பொய்தான். அந்தப் புகையில் எவனும் எதையும் ஒத்துக்கொள்வான்."

"அப்படியானால் சிறையில் இருக்கிறவர்கள்?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. வெறும் புகையை நம்பி ஒரு நிறைமாதக்காரியைக் கழுவேற்ற இருந்தோமே என்று அவருக்கே கூசிப்போயிற்று. சிறையில் இருந்தவர்களை அழைத்துவரச் சொன்னார். கொத்தவாலின் பதவியை அங்கேயே பறித்தார். இனி காவலைச் சோதிக்கும் பொறுப்பு மந்திரியுடையது, கொத்தவாலுக்கு உறவுக்காரன் எவனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

பிறகு ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற நல்லமுத்துவைப் பார்த்துக் கேட்டார். "ஜவுளித் தெருவைக் கொள்ளையடித்தது யாரென்று தெரியுமா?"

"நல்லாத் தெரியும், மகாராஜா. எல்லாரும் ஓடிட்டாங்க. நாங்க ஓட முடியாம அங்கனயே கெடந்து பூராவும் பாத்தோம். ஆளு, தெரு எல்லாம் சொல்றேன்."

"இதுவரை ஏன் சொல்லவில்லை?"

"எங்ககிட்ட யாரும் அதைக் கேக்கலீங்களே. ஒத்துக்கிறியா, இல்லியா? அது ஒண்ணுதான் கேட்டாங்க."

கரிவரதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தன்னை அறியாமல், "ஆமாம், அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார்.