ஏழாவது தேடல்

நாமக்கல்லில் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் இயந்திரம் செய்து விற்கும் ஒரு கம்பெனியில், வயதில் மூத்தவர் சீடர், இளையவர் குரு.

சீடர் தணிகைவேலுக்கு நாற்பத்தெட்டு வயது. கம்பெனியின் உதவி இணையதளம் அவர் பொறுப்பு. குரு மயிலாத்தாளுக்கு முப்பத்தாறு. பதினொரு வருடமாக உதவி எண்ணில் போன் எடுப்பவர். அதற்கு முன்பு ஒரு பொரிப்பகத்தில் முட்டைத் தட்டு சுமந்தவர். வேலைக்கு வந்த புதிதில், இயந்திரத்துக்குக் கதவு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் நின்ற தணிகைவேலுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அன்றிலிருந்து "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்குக் கூப்பிட்டது. நாளாவட்டத்தில் கேலி உதிர்ந்துபோய், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஓர் அறிக்கையோடு மயிலாத்தாளின் மேஜைக்கு வந்தார்.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"தளத்துல தேடுற பக்கத்தை இன்னும் எப்படிச் சுலபமாக்கலாம்?"

மயிலாத்தாள் அறிக்கையைப் பார்த்தார். கேள்வி கேட்க வந்தவர் அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

"சுலபமாக்கணும்னு வந்தீங்களா, சுலபமாயிருச்சுன்னு நான் சொல்லணும்னு வந்தீங்களா?"

தணிகைவேல் அசட்டுத்தனமாகச் சிரித்தார். மறைத்துப் பயனில்லை. ஒரு மாதமாகத் தளத்தில் புதிய தேடல் பக்கம் ஓடுகிறது. சோதனைக்காக அந்த மாதம் முழுக்க உதவி எண்ணைத் தளத்திலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் மனப்பாடமாக வைத்திருந்த எண்ணில் கூப்பிட்டார்கள். "மயிலாத்தா சரின்னு சொன்னா, திங்கக்கிழமையோட போன் இணைப்பையே எடுத்துடலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். மயிலாத்தாளின் ஒரு 'சரி'தான் பாக்கி.

"உங்களுக்கு வேற இடம் போட்டுத் தரச் சொல்லிட்டேன்," என்றார் தணிகைவேல். "ஸ்டோர்ல. ஏசி ரூம்."

"என் நாற்காலிக்கு நான் பேரம் பேசினேனா? அதை விடுங்க. பக்கம் நல்லாயிருக்குன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார். அறிக்கையைப் பிரித்தார். "ஒரு மாசத்துல ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு பேர் தேடியிருக்காங்க. தொள்ளாயிரத்துப் பன்னெண்டு பேருக்குப் பதில் கிடைச்சிருச்சு."

"கிடைச்சுதுன்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்ல வேண்டாமே. அரை மணி நேரத்துக்குள்ள மறுபடி தேடலைன்னா பதில் கிடைச்சவங்கன்னு அர்த்தம். எல்லா ஊர்லயும் கணக்கு இப்படித்தான் எடுப்பாங்க."

மயிலாத்தாள் அறிக்கையை வாங்கிக்கொண்டார். அறிக்கையின் கடைசியில், யார் யார் என்னென்ன தேடினார்கள் என்ற நீண்ட பட்டியல் இணைத்திருந்தது. யாரும் புரட்டாத தாள்கள். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரே ஆள் தேடிய ஏழு வரிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதினார். மேலே தேதியையும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரத்தையும் குறித்தார்.

"வாங்க சார்."

வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் கூடத்தில் ஒரு சின்ன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அறுபது முட்டைகள். பதினேழாம் நாள். இன்னும் நான்கு நாளில் குஞ்சு வெளியே வரும். கண்ணாடிக் கதவுக்கு மேல் சிவப்பு எண் 37.5 என்று நின்றது.

மயிலாத்தாள் இயந்திரத்தின் பின்னால் போய் ஃபேன் ஒயரைப் பிடுங்கினார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"ஃபேன் நின்னுருச்சு. இப்ப என்ன பண்ணணும்?"

"கதவைத் திறந்து வைக்கணும். பதினஞ்சு நாளுக்கு மேல முட்டையே சூட்டைக் கக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" அவர் கதவுப் பிடிக்குக் கை நீட்டினார். மயிலாத்தாள் குறுக்கே நின்றார்.

"அது நான் சொல்லி உங்களுக்குத் தெரியும். உங்க பக்கம் சொல்லட்டும். போனை எடுங்க. இந்தத் தாள்ல இருக்கறதை மட்டும், அதே வரிசையில, அதே நேர இடைவெளியில அடிங்க. நீங்களா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது."

தணிகைவேல் முதல் வரியை அடித்தார். *இன்குபேட்டர் ஃபேன் நின்னுருச்சு.*

"என்ன வருது?"

"முன்னூத்திப் பதினாலு முடிவு."

"முதல்ல?"

"புது மாடலோட விளம்பரம்." தொண்டையைச் செருமினார். "அதை மேல வைக்கச் சொன்னது விற்பனைப் பிரிவு."

இரண்டாவது வரி. *ஃபேன் சுத்தல.*

"வாரன்டி நிபந்தனைகள்."

மூன்றாவது. *சூடு ஏறுது.*

"கோடையில் கோழிகளைக் காப்பது எப்படி. போன வருஷம் போட்ட கட்டுரை."

சிவப்பு எண் 38.1 ஆனது. இயந்திரம் கீச்சிட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் தணிகைவேலின் கட்டைவிரல் இரண்டு முறை தப்பாக அடித்தது.

நான்காவது. *17ம் நாள் முட்டை சூடு.*

"வீடியோ வருது. நம்ம புதுக் கட்டிடத் திறப்பு விழா."

"பாருங்க."

"இதை எதுக்குப் பார்க்கணும்?"

"அவங்க பார்த்திருக்காங்க. நாலு நிமிஷம். ரிப்பன் வெட்டி முடிச்சு, எப்பவாவது ஃபேனைப் பத்திச் சொல்லுவாங்கன்னு."

முதலாளி ரிப்பன் வெட்டினார். யாரோ கைதட்டினார்கள். இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. 38.6. தணிகைவேல் நெற்றியைத் துடைத்தார்.

"குருவே, சரியான பக்கம் நம்மகிட்ட இருக்கு. நானே ஏத்தினேன். முதல் வரியே 'கதவைத் திறக்கவும்'தான்."

"அதுக்குத் தலைப்பு என்ன வச்சீங்க?"

"காற்றோட்டத் தடை, வகை மூன்று."

"எந்தப் பொரிப்பகத்துல சார் அப்படிக் கத்துவாங்க? 'ஏனுங்க, ஓடியாங்க, வகை மூன்று ஆயிருச்சு'ன்னா?"

அவருக்கு முகம் கறுத்தது. "இன்ஜினியருங்க எழுதிக் கொடுத்தது."

"அஞ்சாவதை அடிங்க."

*என்ன பண்றது.*

"முடிவு எதுவுமில்லை."

ஆறாவது, ஒரே சொல். *முட்டை.*

"ஆயிரத்து எண்ணூறு முடிவு." அவர் குரல் இறங்கிவிட்டது. சிவப்பு எண் 39-ஐத் தொட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அறுபது முட்டைகளும் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தன. "போதும், விடுங்க. புரிஞ்சிருச்சு."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

ஏழாவது வரி. *போன் நம்பர்.*

திரை முழுக்க ஒரு படம் விரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு ஒரு கோழி. அதன் கீழே பெரிய எழுத்தில்: *போன் எதற்கு? தேடினாலே போதும்!*

வாசகம் தணிகைவேல் எழுதியது. கோழிக்குக் கட்டைவிரல் வைத்ததும் அவர் யோசனைதான். அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அடுத்து?"

"அவ்வளவுதான்."

அவர் மயிலாத்தாளைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வெந்த காற்று முகத்தில் அடித்தது. திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். எண் மெல்ல இறங்கியது. கீச்சொலி நின்றது. மயிலாத்தாள் பின்னால் போய் ஒயரைச் செருகினார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"முட்டைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாது. பத்து நிமிஷம் தாங்கும். நீங்க திறந்துட்டீங்க."

தணிகைவேல் மறுபடி தாளைப் பார்த்தார். ஏழு வரி. மூன்றாம் தேதி, காலை. எங்கேயோ பார்த்த வரிசை. அறிக்கையை வேகமாகப் புரட்டினார். நான்காம் பக்கத்தில், 'சிறந்த எடுத்துக்காட்டு' என்று அவரே கட்டம் கட்டி வைத்திருந்தார்: *ஒரு வாடிக்கையாளர் ஏழே தேடலில் பதிலை அடைந்தார். இறுதிப் பக்கத்தில் நாற்பது நிமிடம் செலவிட்டார்.*

இறுதிப் பக்கம் அந்தக் கோழி.

கூடத்து மேஜையிலிருந்த உள்தொலைபேசி அடித்தது. மயிலாத்தாள் எடுத்துக் கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "முதலாளி. மயிலாத்தா சரின்னுட்டாளான்னு கேக்கறார்."

தணிகைவேல் போனை வாங்கவில்லை.

"குருவே, அவங்க கதவைத் திறந்தாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும் சார்? எனக்கு அவங்க கூப்பிடவே இல்லை. பதில் கிடைச்சவங்கன்னு எழுதினது நீங்க."