பாறைக்கு மேலே போன சாம்பி

ஒரு காட்டில் ஓர் ஓடை. அதன் நடுவே என்றைக்கோ ஒரு பெரும்பாறை உருண்டு விழுந்து, ஒரே குலத்து மீன்களை மேல்மடு, கீழ்மடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டது.

கீழ்மடுவில் விரால் இருந்தது. பளிச்சென்று பிறந்த குஞ்சுதான் அதன் கண்ணில் முதலில் படும். மங்கலானது தப்பும்; தப்பியது முட்டையிடும். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தின்றே அங்குள்ள மீன்களைச் சேற்று நிறமாக்கிவிட்டது விரால் குலம்.

மேல்மடுவிலோ விராலே கிடையாது. அங்கே பெண்மீன்கள் அழகனாகப் பார்த்துத்தான் கட்டிக்கொள்ளும். அதனால் அங்குள்ள மீன்களுக்குச் சிவப்பு வால், சிவப்புச் செதில், கல் விழுந்தாலும் அசையாத சோம்பல்.

கீழ்மடுவில் சாம்பி என்றொரு பெண்மீன். இரண்டு முறை குஞ்சு பொரித்து, இரண்டு முறையும் விராலுக்குப் பறிகொடுத்தது. இனிப் பிறப்பவையாவது பிழைக்க வேண்டும் என்பதே அதன் ஒரே கவலை.

ஒரு பெருமழை நாளில் பாறையோரப் புல்வெளியில் தண்ணீர் வழிந்தோடியது. அதில் எதிர்த்து ஏறப் புறப்பட்ட சாம்பியின் முன்னால் விரால் வந்து நின்றது.

"எங்கே கிளம்பிவிட்டாய்?"

சாம்பிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "மேலே என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம், ஐயா. அங்கே போய் முட்டையிடலாம் என்று..."

"மேலே மீன்களா? வெறும் பாறை என்றல்லவா நினைத்தேன்." விரால் சற்று யோசித்தது. "போ, தாயே. நானும் பிள்ளை பெற்றவன்தான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது. ஆனால் பிள்ளை ஆசை கண்ணை மறைத்தது. வாழ்நாளெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தே நீந்திய சாம்பி, அன்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேல்மடு மீன்கள் அதன் நிறத்தைக் கேலி செய்தன, விரட்டவில்லை. செவ்வாலன் என்ற மீன், "நிறத்தில் என்ன இருக்கிறது? வா" என்று துணையாக்கிக்கொண்டது. சாம்பி முட்டையிட்ட மறுநாள், ஈரப்புல்லில் நெளிந்து நெளிந்து விரால் வந்து சேர்ந்தது.

"சேற்றோடு ஒட்டிக்கொள்ளுங்கள், அசையாதீர்கள்" என்று சாம்பி கதறியது.

"யார் இது, விருந்தாளியா?" என்று கேட்டபடியே செவ்வாலன் எதிர்கொண்டு போனது. அது திரும்பி வரவில்லை.

மற்றவை சொன்னபடி சேற்றில் படுத்தன. படுத்து என்ன பயன்? கரிய சேற்றில் சிவப்புச் செதில்கள் மின்னின. சாம்பியின் குலம் ஒளியப் பழகியது நூறு தலைமுறையில். இவற்றுக்குக் கிடைத்ததோ ஒரு நொடி.

நான்காம் நாள் மேல்மடுவில் எஞ்சியது சாம்பி மட்டும்தான்.

"நீ வழிகாட்டியதை மறக்கமாட்டேன்" என்றது விரால்.

அன்றே குஞ்சுகள் பொரிந்தன. பாதி மண் நிறம். பாதி தகப்பனைப் போலச் சிவப்பு. சிவந்தவற்றைச் சாம்பி தன் வயிற்றுக்கு அடியில் தள்ளித் தள்ளி மறைத்தது. ஒரு தாயின் வயிறு எத்தனை குஞ்சுகளைத்தான் மறைக்கும்?

விரால் நெருங்கியது. சாம்பிக்குத் தெரிந்த ஒரே வித்தை அசையாமல் கிடப்பது. அது அசையாமல் கிடந்தது.

நீதி: பகைவன் விட்ட வழியில் போகிறவர், பகைவனையும் கூடவே அழைத்துப் போகிறார்.