வெப்சைட்டாக உட்கார்ந்தவர்

“டீச்சர், ஜனங்க ஏன் எதையுமே படிக்க மாட்டேங்கிறாங்க?”

கேட்டவர் தில்லைவாணன். வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்ல வேண்டியவர் நஸீமா. அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. சிஷ்யருக்குத்தான் நரைத்த தாடி. என்ன செய்வது, அமைந்தது அப்படி.

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடை மாடியில் நஸீமா மாலை வகுப்பு நடத்தினார். ஒரு வெப்சைட்டை ஜனங்கள் திணறாமல் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி என்பதுதான் பாடம். வாணன் அவரை டீச்சர் என்பார். அவர் வாணனை சார் என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குஷி.

“என்ன சார் ஆச்சு?”

“திங்கக்கிழமை டிரஸ்ட் மீட்டிங். என் வெப்சைட்டை மூடப்போறாங்களாம். அதுக்குன்னு ஒதுக்கின இடமெல்லாம் காலியாக் கிடக்கு. ஜனங்க என்னடான்னா இன்னும் கியூவுல நிக்கிறாங்க.”

அந்த டிரஸ்ட், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்துவந்தது. ஒவ்வொரு வாரமும் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். அதற்கு வீட்டிலிருந்து ஒருவர் விடியற்காலையிலேயே வந்து டிரஸ்டின் பதிவு ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும்.

வாணனும் நின்றிருக்கிறார், தம்பிக்காக. தம்பி இப்போது இல்லை. இனி ஒருத்தரும் அங்கே நிற்கக் கூடாது என்றுதான், ஒரு பைசா வாங்காமல் அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தார்.

“தமிழ்லயே எழுதியிருக்கேன் டீச்சர். பதிவு பண்ற இடத்துல சிவப்பா ஒரு அம்புக்குறி வேற போட்டிருக்கேன். இன்னொண்ணு போடட்டுமா?”

“போடுங்க சார். கண்ணைக் குத்துற மாதிரி போடுங்க.”

“கேலி பண்ணாதீங்க.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நஸீமாவுக்கு அது தெரியும்.

“நாளைக்குச் சாயங்காலம் வாங்க,” என்றார்.

மறுநாள் வகுப்பில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகக் கிடந்தன. ஒன்றில் ஒரு பெண், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

“இவங்க பிலோமினா. பஞ்சம்பட்டி. இன்னிக்குக் காலையில கியூவுல பாத்தேன். இவங்க முறை வர்றதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டாங்க,” என்றார் நஸீமா.

பிலோமினா எழுந்து கும்பிட்டார். “வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை இடம் வேணுங்கய்யா. மூச்சு வாங்குது. அந்த நாளு தப்பிட்டா தாங்க மாட்டாரு.”

“ஃபோன்லயே பதிவு பண்ணியிருக்கலாமேம்மா?” என்றார் வாணன்.

“பாத்தேங்கய்யா. நமக்குப் புரியல. என் மேலதான் தப்பு.”

நஸீமா வாணனை எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார்.

“சார், இப்ப நீங்கதான் வெப்சைட். அதுல இருக்கிறதை மட்டும் பேசணும். இல்லாத ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருக்கிற ஒரு வார்த்தையை விடவும் கூடாது.”

வாணனுக்குச் சிரிப்பு வந்தது. இது என்ன பெரிய விஷயம்? அத்தனையும் மனப்பாடம்.

“ஆரம்பிங்கம்மா,” என்றார் நஸீமா.

“ஐயா, வியாழக்கிழமை ஒரு இடம் வேணும்.”

“வரவேற்கிறோம். எங்கள் அறக்கட்டளையின் தோற்றமும் வளர்ச்சியும்,” என்று தொடங்கினார் வாணன். நிறுவனர் பிறந்த ஊர், அவர் வாங்கிய விருதுகள், கட்டடத் திறப்பு விழா, விழாவுக்கு வந்த பிரமுகர்கள் என்று எல்லாம் சொன்னார்.

பிலோமினா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “நல்லதுங்கய்யா. வியாழக்கிழமை…”

“பயனர் பெயரை உள்ளிடவும்.”

“யாரு பேருங்க? எம்பேரா, அவரு பேரா?”

வாணன் விளக்க வாயெடுத்தார். நஸீமா விரலை ஆட்டினார். வெப்சைட்டில் அந்த விளக்கம் இல்லை.

“பயனர் பெயரை உள்ளிடவும்.”

“பிலோமினா.”

“கடவுச்சொல்லை அமைக்கவும்.”

“அப்படின்னா?”

“கடவுச்சொல்லை அமைக்கவும்.”

நஸீமாவுக்கே பாவமாக இருந்தது. “பாஸ்வேர்டும்மா. யாருக்கும் தெரியாம நீங்களே ஒரு வார்த்தை வச்சுக்கணும்,” என்றார்.

பிலோமினா கண்ணை மூடி யோசித்தார். “சூசையப்பர்.”

“கடவுச்சொல் வலுவற்றது.”

“யாரு, சூசையப்பரா?” பிலோமினா பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நஸீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. வாணனுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வெப்சைட் சிரிக்காது.

ஒரு வழியாக அந்தக் கட்டத்தைத் தாண்டினார்கள்.

“நோயாளியின் பதிவு எண்ணை உள்ளிடவும்.”

“கார்டுல இருக்கும். இருங்கய்யா.”

பிலோமினா பைக்குள் கை விட்டார். மாத்திரை அட்டை வந்தது. ஜெபமாலை வந்தது. காகிதத்தில் சுற்றிய பாதி பன் வந்தது. கார்டு வரவில்லை. எல்லாவற்றையும் உள்ளே போட்டு, மறுபடியும் எடுத்தார்.

“அவரைத் தனியா விட்டுட்டு வந்த அவசரத்துல எங்கயோ வச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்கய்யா.”

நஸீமா கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், நேரமாயிருச்சு. அடுத்த வரி.”

வாணன் அந்தத் துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க சார்.”

“உங்கள் அமர்வு…”

பிலோமினா பைக்குள் விட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். அடி வாங்கத் தயாரான பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும். இதுதான் அந்த வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே வாணன் எழுதியது. எழுதியபோது ஒன்றும் தோன்றவில்லை.

“முடியல டீச்சர்.”

“ஏன் சார்? நல்ல தமிழ்தானே?”

“இந்தம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது?”

வாணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தார்.

“அம்மா, பையைக் கீழ வைங்க. கார்டு வேண்டாம். ஃபோன் நம்பர் ஞாபகம் இருக்கா?”

பிலோமினா கடகடவென்று சொன்னார்.

“வீட்டுக்காரர் பேரு?”

“சவரிமுத்து.”

“வியாழக்கிழமை காலையிலயா, மத்தியானமா?”

“காலையிலன்னா நல்லதுங்க. முதல் பஸ்ஸுக்கே கூட்டிட்டு வந்துருவேன்.”

காலியாகக் கிடந்த இடங்களில் ஒன்றில் வாணன் அந்தப் பெயரைத் தட்டினார். “இடம் போட்டாச்சும்மா. கூட்டிட்டு வந்துருங்க.”

பிலோமினா அசையவில்லை. “அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“அந்தப் பாஸ்வேர்டு?”

“வேண்டாம்மா.”

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நஸீமா பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு நல்ல மனுசனா இருக்காரு! இத்தனை நாளா இவரு எங்கம்மா இருந்தாரு?”

நஸீமா வாணனைப் பார்த்தார்.

வாணன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முதல் பக்கத்தில் இருந்த அறக்கட்டளையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் அழித்துக்கொண்டிருந்தார்.

“வந்துக்கிட்டே இருக்கேம்மா,” என்றார்.