மூன்று புள்ளி

பாவாயியின் பட்டறைக்கு வந்து, பாவாயியிடமே, "மேஸ்திரி எங்கம்மா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. "டீ குடிக்கப் போயிருக்காரு, உக்காருங்க" என்பாள். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவளே வண்டிக்கு அடியில் படுத்துவிடுவாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளுடைய சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயால் இடது கால் மரத்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் அவளிடம் தொழில் கற்க வந்தார்.

நாமக்கல் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே இருப்பது எந்த இன்ஜின், எந்த கியர் பாக்ஸ் என்று பாவாயி சொல்வாள். அவள் சொன்னபிறகு இரண்டாவது ஆளிடம் யாரும் கேட்பதில்லை.

சென்னியப்பன் எதையும் இரண்டு முறை கேட்பவர். டீசலில், டயரில், எடை மேடையில் என்று முப்பது வருஷம் ஏமாந்தவர். டீயில் சர்க்கரை போடவில்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் கலக்கி, முகர்ந்து, பக்கத்தில் இருப்பவரை ஒரு வாய் குடிக்கச் சொல்வார்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

"மேஸ்திரி, பாக்ஸைத் திறக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிங்க நம்பறது?"

பட்டறை மூலையில், முந்தின நாள் அவள் கியர் பாக்ஸ் மாட்டி முடித்த செங்கல் லாரி, சொந்தக்காரருக்காக நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு நீல நிற வேன் உள்ளே வந்தது.

ஓட்டி வந்தவர் புரோக்கர் மாரப்பன். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவள் செல்லக்கிளி. கொல்லிமலைக்காரி. மலையிலிருந்து சந்தைக்கு வாரம் இரண்டு தடவை பதினாலு பெண்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் இறக்கப் போகிறாள். அவளேதான் ஓட்டப் போகிறாள். எழுபது கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, சின்ன கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு மலை ரோட்டுக்கான கியர் பாக்ஸ் வேண்டும். வெளியே பார்த்தால் அதுவும் சமவெளியில் வேகமாகப் போகிற பாக்ஸும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"இது மலை பாக்ஸான்னு மட்டும் சொல்லுங்க மேஸ்திரி. கையெழுத்துப் போட்டுட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றாள்.

சென்னியப்பன் வண்டியைச் சுற்றி வந்தார். புது பெயின்ட். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. இன்ஜின் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாளில் எழுந்த எண்கள் வரிசையில் நிற்கவில்லை. ஏழாவது எண் அரை நூல் கீழே இறங்கியிருந்தது.

"நம்பரை வெட்டியிருக்காங்க" என்றார், ஒருவித சந்தோஷத்தோடு.

மாரப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்ஜின் பிளாக் மாற்றியது உண்மைதான், ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, புது நம்பர் அடித்து, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். சென்னியப்பன் அந்தப் பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். எச்சில் தொட்டு முத்திரையைத் தேய்த்தார். முத்திரை அழியவில்லை. அவர் முகம் வாடியது.

பாவாயி டார்ச்சை அடித்து கியர் பாக்ஸின் மேல் வகை பொறித்து அறைந்திருந்த தகட்டைப் படித்தாள்.

"மலை பாக்ஸ்தான்" என்றாள்.

செல்லக்கிளி பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷங்க" என்றார் சென்னியப்பன். பாக்ஸ் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, தகடு மட்டும் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேட்டார். இன்ஜினைச் சுற்றி எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார்.

மாரப்பன் சிரித்தார். "மேஸ்திரிக்கே பரீட்சை வைக்கிறாருங்க இவரு."

பாவாயி சாக்பீஸை எடுத்துச் சென்னியப்பனிடம் கொடுத்தாள். "எண்ணுங்கண்ணா."

வேலை சாதாரணமானதுதான். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, முதல் கியரில் போட்டு, பின்னால் போகிற நீளத் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. இன்ஜினை முன்னாலிருந்து ஸ்பேனரால் கையாலேயே சுற்ற வேண்டும். அந்தக் கோடு ஒரு சுற்று வருவதற்குள் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். மலை பாக்ஸ் என்றால் ஆறு.

மாரப்பனே ஸ்பேனரைப் பிடித்துச் சுற்றினார். சென்னியப்பன் அடியில் படுத்து, கோட்டைப் பார்த்தபடி எண்ணினார். நாலு. மறுபடி சுற்றச் சொன்னார். நாலு.

வெளியே வந்தவர் மாரப்பனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். மலையில் பதினாலு பேரைக் கொல்லப் பார்த்தாயே, தகட்டை எங்கே திருடினாய், உன் மூஞ்சியைப் பார்த்தபோதே தெரியும் என்றார். மாரப்பன், அந்த பாக்ஸைத் தான் தொட்டதுகூட இல்லை என்று தன் மகள் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்தார்.

"ஆதாரத்தோட வர்றேன்" என்று சென்னியப்பன் மறுபடி அடியில் போனார்.

தகட்டைச் சுற்றிப் பிசுக்கைத் துடைத்தார். மூடியின் விளிம்பில் ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் துடைத்தார்.

முக்கோணமாக மூன்று புள்ளி.

அவருக்கு அது தெரியும். பாவாயி மூடுகிற ஒவ்வொரு பாக்ஸிலும் கடைசியாகக் கூர் உளியை வைத்து மூன்று தட்டுத் தட்டுவாள். இரண்டு வருஷமாக அந்த உளியைத் துடைத்து எடுத்துக் கொடுப்பவரே அவர்தான்.

ஒரு விரல் கிரீஸை எடுத்து அந்தப் புள்ளிகளின் மேல் அப்பினார்.

வெளியே வந்து, பழைய வேலை, யார் செய்ததென்று தெரியவில்லை, கையெழுத்து மட்டும் போட வேண்டாம் என்றார். முப்பது வருஷம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பாவாயி அவர் விரலைப் பார்த்தாள்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு அவள் அடியில் படுத்தாள். மூடியின் விளிம்பைத் துடைத்தாள். அப்புறம் கூப்பிட்டாள்.

"செல்லக்கிளி, குனிஞ்சு இங்க பாருங்க. மாரப்பண்ணா, நீங்களும்."

மூன்று புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன.

"இது என் கை."

அவள் படுத்தபடியே சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி வெள்ளை. கரூருக்கு ஓடிய வண்டி. அதிலிருந்த மலை பாக்ஸ் விரிசல் விட்டு வந்தது. வேகமாகப் போகிற பாக்ஸாக மாட்டச் சொன்னார்கள், மாட்டினாள். பழைய தகட்டைக் கழற்றிப் புது பாக்ஸில் அறைந்தாள். புத்தகத்தோடு தகராறு வரக்கூடாதென்று இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இன்றைக்குக் காலையில், தான் அறைந்த தகட்டைத் தானே படித்து, தானே நம்பிவிட்டாள்.

"இதை ஓட்டிட்டு இறங்கியிருந்தா?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"பாதி வளைவு வரைக்கும் பிரேக் பிடிச்சிருக்கும்."

"மீதிப் பாதி?"

செல்லக்கிளி பேனாவை மூடினாள். நிழலில் கிடந்த டயரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மலை பாக்ஸ் தேடி மாட்டித் தருவது தன் பொறுப்பு என்றாள் பாவாயி. செல்லக்கிளி, மாட்டியபிறகு தானே வந்து சுற்றி எண்ணிப் பார்ப்பேன், அப்புறம்தான் கையெழுத்து என்றாள். சாக்பீஸ் பிடிப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். சென்னியப்பன் மாரப்பனிடம் மன்னிப்புக் கேட்டார். மாரப்பன் தலையை ஆட்டினார், ஆனால் அவர் நீட்டிய டீயை வாங்கவில்லை.

எல்லோரும் போனபிறகு சென்னியப்பன் கேட்டார்.

"கையெழுத்துதான் நின்னுபோச்சே மேஸ்திரி. பாக்ஸை மாத்திக் குடுத்தா முடிஞ்சுது. அந்தப் புள்ளி யாருதுன்னு எதுக்குங்க சொன்னீங்க? இனி உங்க வார்த்தையை எவன் நம்புவான்?"

பாவாயி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தகட்டைப் பாத்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சுங்ணா?"

"சந்தேகம்."

"புள்ளியைப் பாத்ததும்?"

அவர் யோசித்தார். "உங்க கைன்னு தோணுச்சு. கிரீஸை எடுத்தேன்."

பாவாயி கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து ஊதி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். மூலையில் நின்ற செங்கல் லாரியைக் காட்டினாள்.

"அந்த பாக்ஸும் நான் மாட்டினதுதான். போய் எண்ணுங்க."